நாலா, ஏழா?

நொடிக்கு அறுபது முறை. ரயில் நிலைய நுழைவாயிலில் தொங்கும் பெரிய திரை தன்னை அத்தனை முறை புதுப்பித்துக்கொள்கிறது. அதற்கு நிரல் எழுதியவளை அவளுடைய அண்ணன் "திரைக்காரி" என்பான். சிறு வயதுக் காய்ச்சலில் அவனுக்குக் காது போய்விட்டது. அதற்கும் சேர்த்துக் குரல் ஓங்கிவிட்டது. நடைமேடை மாறினால் ஒலிபெருக்கியில்தான் சொல்வார்கள். ஊரே ஓடி முடித்த பிறகுதான் அவனுக்கு விஷயம் தெரியும். அப்படி ரயிலைக் கோட்டைவிட்டே ஒரு வேலையை இழந்தான். இந்தத் திரை வேலையை அவள் கேட்டு வாங்கியது அதற்காகத்தான்.

சோதனை நாளன்று ஸ்டேஷன் மாஸ்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். "சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன்மா. தடுமாறுச்சுன்னா கழட்டி வெச்சிடுவேன். மைக்கே போதும்."

காலையிலேயே ஒரு தலைவலி. திரையின் அடியில் ஓடும் அறிவிப்பு ஓர் ஓரத்தில் மறையாமல், எதிர் ஓரத்தில் ஒரு புள்ளிவரிசை கீழே தள்ளி மறுபடி தலைநீட்டியது. எல்லையைத் தாண்டும் புள்ளிகளை வெட்ட மறந்திருந்தாள். வெட்டியதும் அடங்கிவிட்டது.

மாலை, கூட்டம் நெரியும் நேரம். அண்ணனின் ரயில் நான்காம் நடைமேடையிலிருந்து ஏழுக்கு மாறியது. திரை ஏழு என்றது. அடுத்த நொடி நான்கு. மறுபடி ஏழு. ஜனங்கள் படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாகத் தவித்தார்கள்.

நடுக்கூடத்தில் நின்று அண்ணன் கத்தினான். "நாலா, ஏழா? ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலை, திரைக்காரி."

கூட்டம் சிரித்தது. ஸ்டேஷன் மாஸ்டர் சிரிக்கவில்லை. "கழட்டச் சொல்லவா?"

"ரயில் வர்ற வரைக்கும் டைம் குடுங்க சார்."

படிக்கட்டுக்கு அடியிலிருந்த கணினி அறைக்கு ஓடினாள். அந்தத் திரைக்குக் கணினி நினைவகத்தில் பக்கங்கள் இரண்டு. ஒன்று ஊர் பார்ப்பதற்கு, மற்றது மறைவில். அழிப்பதும் எழுதுவதும் மறைவில் நடக்கும். முடிந்ததும் இரண்டும் இடம் மாறும். மூலையில் ஓடும் கடிகாரத்துக்காக நொடிதோறும் அப்படி மாறிக்கொண்டே இருந்தன. அவளோ புதிய எண்ணை ஒரு பக்கத்தில் மட்டும் எழுதியிருந்தாள். மற்றது பழைய நான்கைக் கட்டிக்கொண்டு, தன் முறை வந்தபோதெல்லாம் முன்னால் வந்து நின்றது.

"முண்டம், முண்டம்," என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எந்த மாற்றத்தையும் இரண்டு பக்கங்களிலும் எழுதும்படி திருத்தி, நிரலை மறுபடி ஓடவிட்டு, வெளியே வந்தாள்.

திரை இருண்டிருந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் முழுப் பக்கமும் வந்து நின்றது. ஓர் எழுத்துகூட முளைப்பதை யாரும் பார்க்கவில்லை. நிமிர்ந்த தலைகள் எல்லாம் ஒரே வீச்சில் ஏழாம் நடைமேடைப் பக்கம் திரும்பின. தான் எழுதியதுதான், வரிக்கு வரி தெரியும். இருந்தும் அவளுக்கு மெய்சிலிர்த்தது. நொடிகள் போயின. ஏழு அசையவில்லை.

ஒலிபெருக்கி அப்போதுதான் கரகரத்துத் தொண்டையைச் செருமியது. அதற்குள் அண்ணன் படிக்கட்டின் உச்சியில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். "ஏழுப்பா, ஏழு. மசமசன்னு நிக்காதீங்க, வாங்க."

"மைக்கே தேவையில்ல போலிருக்கே," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

திங்கட்கிழமை மேற்கு வாசலிலும் ஒரு திரை மாட்டுகிறார்கள்.