பௌர்ணமிக்குப் போட்ட கரை

எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கும் உப்பங்கழியைக் காப்பாற்றப் போகிறோம் என்று ஒரு கம்பெனி வந்தபோது நான் சிரித்தேன். அத்திப்பட்டுப் பக்கம் குடியிருப்பவனிடம் நல்ல செய்தி சொன்னால் அவனுக்குச் சிரிப்புதான் வரும். ஆனால் கவரைப்பேட்டையில் நான் பார்த்துக்கொண்டிருந்த ஃபேக்டரி வேலை அப்போதுதான் போயிருந்தது. சூப்பர்வைசர் வேலையோடு தொப்பியும் விசிலும் தருகிறோம் என்றார்கள். சிரிப்பை மடித்து வைத்துவிட்டுச் சேர்ந்துகொண்டேன்.

வேலை என்னவோ உண்மையான வேலைதான். கழியோரச் சதுப்பு முழுக்க அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து, தளம் போட்டதுபோல் இறுகிக் கிடந்தது. கடல்நீர் ஏறி இறங்க வழியில்லை. செடிகொடிகளைப் பற்றிப் படித்த ஒரு பெண்ணைக் கம்பெனி அனுப்பியிருந்தது. அவர் முழங்கால் சேற்றில் நின்று, வாய்க்கால் போகவேண்டிய இடத்தைக் கயிறு கட்டிக் காட்டுவார். நாங்கள் வெட்டுவோம்.

"நாம செடி வளக்கல அண்ணா. தண்ணிக்கு வழி உடறோம், அவ்ளோதான். மீதிய தண்ணி பாத்துக்கும்" என்பார்.

பார்த்துக்கொண்டது. கடல் ஏறும்போது வாய்க்கால்களில் தண்ணீர் உள்ளே வந்து, நிலத்தை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. மழைக்குப் பிறகு உப்புமண்ணில் வரும் உமிரிக் கீரை தானாக முளைத்தது. வாய்க்கால் ஓரம் நாங்கள் நட்டிருந்த அலையாத்திக் கன்றுகள் துளிர்விட்டன. நண்டு வளை தோண்டியது, நண்டைத் தேடி உள்ளான் குருவிகள் வந்தன. என் மனைவி உமிரியைப் பறித்துவந்து பருப்போடு கடைந்தாள். அதற்கு உப்பே போடவேண்டியதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த ஊரில் கெட்டுப்போன ஒன்று திரும்பி வரும் என்று அப்போது நம்பினேன்.

அப்புறம் திறப்பு விழா வந்தது. வாய்க்கால் வெட்டினால் போதாதாம், அதைத் திறக்கவும் வேண்டுமாம். மேனேஜர் காலண்டரைப் பார்த்துப் பௌர்ணமியில் நாள் குறித்தார். சதுப்புக்கு நடுவில் ஷாமியானா, சிவப்புக் கம்பளம் எல்லாம் ஏற்பாடு. பௌர்ணமியன்று தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பது கழியோரம் இருக்கிற நாய்க்கும் தெரியும். அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார்.

"அமாவாசையில வெச்சிக்கலாமா?" என்றார் மேனேஜர்.

"அப்பவும் இதே மாதிரிதான் சார் ஏறும். அஷ்டமி நவமியிலதான் தண்ணி கம்மியா இருக்கும்."

மேனேஜர் அவரை ஒரு பார்வை பார்த்தார். "அஷ்டமியில பெரிய சார கூப்பிட்டு ரிப்பன் வெட்டச் சொல்றியா? எனுக்கு வேல இருக்கணுமா வேணாவா?"

நல்ல நாளையும் விடமுடியாது, கம்பளமும் நனையக்கூடாது. ஆகவே கடலை நிறுத்திவிட்டார்கள். வாய்க்கால்களின் வாயில் மணல் மூட்டை அடுக்கி, மேலே கிராவல் கொட்டிக் கரை போட்டோம். நானே விசில் ஊதி லாரிகளை விட்டேன். பெரிய சாரின் கார் அந்தக் கரைமேல்தான் வந்தது. கால் நனையாமல் இறங்கினார், ஒரு கன்று நட்டார், கேசரி சாப்பிட்டார், போனார்.

விழா முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் காரில் வந்து பார்க்கக் கரை சௌகரியமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கிராவல் கொட்டினார்கள், கேட் வைத்தார்கள். கரைக்கு அந்தப்புறம் கடல் வந்து மோதிவிட்டுத் திரும்பிப் போகும். இந்தப்புறம் நிலம் காய்ந்து வெள்ளையாக உப்பு பூத்தது. அந்தப் பெண் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றார்கள். பஸ் ஏறும்போதும் "கரைய எடுக்கச் சொல்லிக்கினே இருங்க அண்ணா" என்றுதான் சொன்னார். நானும் கேட்டேன். சூப்பர்வைசருக்கு அதெல்லாம் எதற்கு என்றார்கள்.

கோடையில் கன்றுகள் கருக ஆரம்பித்ததும் மேனேஜருக்குப் பயம் வந்தது. கரையை எடுத்தாரா? தண்ணி லாரி அனுப்பினார். கடல் செடிக்குக் குடிக்கிற தண்ணீர்! எங்கள் தெருவுக்கு லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குடங்கள் வரிசையில் கிடந்து வெயிலில் நிறம் வெளுத்துப்போயிருந்தன. அந்த வரிசையைத் தாண்டித்தான் இந்த லாரி போனது. பெண்கள் குடத்தோடு அதன் பின்னாலேயே வந்துவிட்டார்கள். முன்னால் என் மனைவி.

"இன்னாய்யா இது? சமுத்திரத்த அந்தாண்ட அடச்சிட்டு, இந்தாண்ட நல்ல தண்ணி ஊத்திக்கினு கீற?"

விசில் என் கையில்தான் இருந்தது. ஊதி விரட்டுவதுதான் என் வேலை. எனக்கு வெட்கமாக இருந்தது. குழாயைச் செடியிலிருந்து எடுத்து அவள் குடத்தில் விட்டேன்.

அன்றோடு லாரியும் நின்றது, என் வேலையும் போனது. செடிகள் எல்லாம் செத்தன. லாரி வந்திருந்தாலும் செத்திருக்கும். ஆனால் பார்க்க வந்தவர்களிடம் மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "எல்லாம் நல்லா வந்துச்சு சார். இந்த ஜனங்க தண்ணிய திருடி கெடுத்துட்டாங்க." கேட்டில் 'அத்துமீறி நுழையாதே' என்று போர்டு தொங்கியது. கரையைத் தொட ஆளில்லை.

போன மழைக்குப் பிறகு, கரைக்கு வெளிப்புறம், தண்ணீர் வந்து போகிற சரிவில், பிளாஸ்டிக் குப்பைக்கு நடுவே உமிரி செழித்து வந்தது. என் மனைவி பேசினை வைத்துக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்திருக்கிறார். "கொஞ்சம் தள்ளிக்கம்மா, போட்டோல நீ வுழற" என்றாராம். அவளும் தள்ளிக்கொண்டாள்.

இப்போது அந்தப் படம் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் பெரிய பேனராக நிற்கிறது. 'மீட்கப்பட்ட சதுப்புநிலம்' என்று எழுதியிருக்கிறார்கள். பச்சைப்பசேல் உமிரி, இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு எங்கள் வீட்டு நீலப் பேசின். முதல்முறை அதைப் பார்த்த அன்று அவள் நின்று, அண்ணாந்து, நிதானமாகப் பார்த்தாள்.

"நம்ம பேசின் மட்டும்தான்யா இதுல நெசம்" என்றாள்.