யானை வேலியோரம், சம்பந்தியம்மாவோடு

அமெரிக்காவில் மகள் இருக்கும் காப்பெல்லிலிருந்து ஒரு மணி நேரம் காரில் வந்து, மிருகக்காட்சிசாலையில் ஆப்பிரிக்க யானைகளின் வேலியோரம் நிற்கிறோம். மகளுக்கு ஏழாம் மாதம். தன் மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சம்பந்தியம்மா வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. மசக்கை என்றதும் ஓடி வந்தவள் நான். விசாவில் எனக்குக் கொடுத்த ஆறு மாதம் அடுத்த வாரம் முடிகிறது. தலைப்பிரசவம் பெற்றவள் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். இங்கே அது அந்தம்மாவுக்குப் போய்விட்டது.

யானைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஈரோட்டுக்காரி.

"இருபத்திரண்டு மாசம் சுமக்கும் ஆன்ட்டி. காட்டுல குட்டி போடறப்ப அம்மா, அக்கா, சித்தி எல்லாம் சுத்தி நிக்கும். பொண்ணு யானை கடைசி வரைக்கும் அம்மாவை விட்டுப் போகாது."

எனக்கு வயிறு எரிகிறது. யானைக்கு விசா வேண்டாம்.

"மாமியார் யானை வருமா?"

அவள் சிரிக்கிறாள். "வளந்த ஆண் யானையே கூட்டத்துல தங்காது ஆன்ட்டி. மாமியாருக்கு எங்க போறது?"

சம்பந்தியம்மா மகளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுக்கிறார்.

"இன்னொரு தரம் சத்தமா சொல்லும்மா," என்கிறேன். "அந்தம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்."