பிரஷர் மாத்திரை

மிக்கேலுக்குப் பிரஷர் கிடையாது. ஆனால் தேயிலைத் தோட்டத்து லயத்தின் பன்னிரண்டு வீட்டுக்கும் எட்டு வருஷமாக அவன் பிரஷர்காரன். அப்படிச் சொல்லி வைத்தவள் அவன் மனைவி அன்னாள். மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான் என்று தெரிந்தால் தேயிலை ஃபேக்டரியில் மிஷின் பக்கம் விடுவார்களா? மகளுக்கு மாப்பிள்ளைதான் வருமா? பிரஷர் என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அது கௌரவமான வியாதி.

மாத்திரையும் வஞ்சனை செய்யவில்லை. மூன்று நாள் உறங்காமல், மலை உச்சியில் சர்ச் கட்டப்போகிறேன் என்று அலைந்த மனுஷன், அதற்குப் பிறகு ஒரு ஷிஃப்ட் தவறவில்லை. அவ்வப்போது ரத்தம் சோதித்து வந்தால் போதும்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். அன்னாளின் பொய்க்கு மருந்தே கிடைத்தது.

அடுத்த வீட்டு மூக்கம்மாள், அல்சர்காரத் தம்பி பாண்டித்துரையை வைத்துப் பார்த்துக்கொள்கிறவள், போடிமெட்டு இறங்கித் தேனிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். வரும்போது நெருஞ்சிமுள் சேர்த்த பொடி ஒரு பொட்டலம் கொண்டு வந்தாள்.

"ஏ அன்னா, உன் வீட்டுக்காரருக்குக் காலையில வெறும் வயித்துல கசாயம் வச்சுக் குடு. நீரெல்லாம் பிரிஞ்சு பிரஷர் மடமடன்னு இறங்கிரும்."

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். சொன்னால் எட்டு வருஷப் பொய் உடைந்துவிடும். பச்சிலைதானே, என்ன செய்துவிடும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். மூக்கம்மாளோ கொழுந்தெடுக்கப் போகும்போது தினமும் வாசலில் நின்று, குடித்தாரா என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வாள்.

இரண்டாம் வாரம் மிக்கேலுக்குக் கை நடுங்கியது. வயிறு போனது. பேச்சு குழறியது. ஆயுசில் சாராயம் தொடாதவனை, குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று சூப்பர்வைசர் திருப்பி அனுப்பினார். அதிலிருந்து நான்காம் நாள் வாசல்படியில் சரிந்து விழுந்தான்.

ஜீப்பில் மூக்கம்மாளும் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். அன்னாள் பக்கத்தில் நின்ற மூக்கம்மாளைப் பார்த்தாள்.

"பிரஷர் மாத்திர, டாக்டர்."

பாவி மகள். அந்த ஒரு சொல்லில் ஒரு பகல் முழுக்கப் போனது. சாயங்காலம் அவனுக்கு வலிப்பு வந்த பிறகுதான் டாக்டரின் பின்னால் ஓடி, பொடி வரைக்கும் உண்மையைக் கொட்டினாள். பொடி நீரைப் பிரித்துப் பிரித்து, மாத்திரையின் மருந்தை உடம்பிலேயே தேக்கிவிட்டது என்றார் அவர். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். உயிர் தங்கியது. கையும் பேச்சும் பழையபடி வரவில்லை, வேலையும் போனது. இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

பார்க்க வந்த மூக்கம்மாளிடம் சொன்னாள். "அவருக்குப் பிரஷரே இல்லக்கா. மனசுக்குத்தான் மாத்திர. லித்தியம்."

மூக்கம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தப் பொடிய உன் வாசப்படி ஏத்தியிருப்பனா? நாட்டு மருந்து எதையும் சேத்துக் குடுத்துராதீகன்னு டாக்டர் எங்கிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!"

"உங்ககிட்டயா? எதுக்கு?"

"அவனுக்கு அல்சரும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாண்டித்துரையும் அந்த மாத்திரதான்டி திங்கான். ஆறு வருசமா."