கிணறு வரை

தங்கச்சியின் மாடிவீட்டைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடாமல் சுபைறாவுக்குப் பொழுது விடியாது. சாய்ந்தமருதில் அக்காவினதும் தங்கையினதும் வளவுகள் ஒட்டியபடி. தெருவோரம் இவளுடைய சீற் கூரை போட்ட வீடு, பின்னால் அஸ்பியாவின் மாடி. வாப்பா அச்சிமுகம்மது சைக்கிளில் நெல் வியாபாரம் செய்த காலத்தில் மூத்தவளுக்குக் கட்டியது இது. அரிசி ஆலை வைத்த பிறகு இளையவளுக்குக் கட்டியது அது. கடைசிவரை வாப்பா இருந்ததும் அங்கேதான். அபாயா தைக்கும்போதுகூட சுபைறாவின் கண் யன்னல் வழியே அந்த மாடிக்கே போகும்.

இரண்டு வளவுக்கும் நடுவில் கிணறு. சுனாமிக்குப் பிறகும் உவர் ஏறாத தண்ணீர். இரு வீட்டாரும் அள்ளினார்கள். வாப்பா மவுத்தான பிறகு அஸ்பியா மதிலுக்கு அத்திவாரம் வெட்டினாள். கிணறு அவள் பக்கம் போனது.

“கிணறு என்ட காணி உறுதியில இரிக்கி புள்ள,” என்றாள் சுபைறா.

“இல்ல ராத்தா. மேற்கு எல்லை கிணறு வரை எண்டுதான் எழுதியிரிக்கி.”

வழக்கானது. மாவட்ட நீதிமன்றம் சுபைறாவின் பக்கம் நின்றது. மகளுக்கு வீடு எழுதும் தகப்பன் தண்ணீரில்லாமலா எழுதுவான், ‘வரை’ என்றால் கிணறும் சேர்த்தியே என்றது தீர்ப்பு. சுபைறா நீதிமன்ற வாசலிலேயே அழுதாள். வாப்பா தன்னையும் நினைத்திருக்கிறார் என்று யாரோ எழுதிக் கொடுத்தது போலிருந்தது.

அஸ்பியா மேன்முறையீடு செய்தாள். மேல் நீதிமன்றத்தில் உறுதியை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்கள். கிழக்கு எல்லை வந்தது: ‘தெரு வரை.’

“அப்போ தெருவையும் மகளுக்குக் கொடுத்தாரா?” என்று ஒரு நீதிபதி கேட்டார்.

“தெரு ஊருக்குச் சொந்தம். கிணறு தகப்பனுக்குச் சொந்தம்,” என்று சுபைறாவின் சட்டத்தரணி பவிதரன் வாதாடிப் பார்த்தார்.

எடுபடவில்லை. ஒரே உறுதியில், ஒரே வரியில், ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் கொள்ள முடியாது. தென்னையையும் மலசலகூடத்தையும் பெயர் சொல்லி எழுதியவர் கிணற்றைக் கொடுத்திருந்தால் அதையும் எழுதியிருப்பார் என்று தீர்ப்பு மாறியது.

“வாப்பாட மனசு இவங்களுக்கு எப்புடித் தெரியும்?” என்று வெளியே வந்து சுபைறா கேட்டாள்.

“மனசை எழுத்திலதான் தேடுவாங்க அக்கா,” என்றார் பவிதரன்.

அன்று அஸ்பியா அக்காவின் வாசல் படலையடிக்கு வந்தாள். “மதில்ல வாசல் வைக்கிறன் ராத்தா. எப்பவும் போல அள்ளுங்க.”

“உன்ட தண்ணி எனக்கு வேணாம்.”

தோற்றதைவிட அந்தப் பெருந்தன்மைதான் அவளைக் கூடுதலாக எரித்தது. கொடுக்கிற இடத்தில் இப்போதும் தங்கச்சியேதான்! சுபைறா முற்றத்தில் குழாய்க்கிணறு அடித்தாள். உவர்த் தண்ணீர். தேத்தண்ணி கரித்தது. வந்தவர்களிடம் நல்ல தண்ணி என்றே சொன்னாள்.

நோன்பு மாதம் தங்கச்சி வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. திருப்பி அனுப்பத்தான் நினைத்தாள். ஆனால் நோன்பு திறக்கும் நேரம், வாசம் வேறு. குடித்தாள். நன்றாக இருந்தது, அதுவே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மறுநாள் பாத்திரத்தைப் பளபளவென்று தேய்த்து, கஜுவை அள்ளிப் போட்டு இனிக்க இனிக்க வட்டிலப்பம் அவித்து நிரப்பினாள். அஸ்பியாவின் கையில் இப்படியொன்று ஒருநாளும் வராது என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகே தன் மகளிடம் கொடுத்தனுப்பினாள்.