வேலை இல்லாதவர்கள் பட்டியல்

நுரையீரல் மருத்துவரான எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. பீடி சுற்றும் பெண்களின் மூச்சைப் புகையிலைத் தூள் எவ்வளவு கெடுக்கிறது? பார்த்துவிடுவோம் என்று திருநெல்வேலியில் இரண்டு பட்டியல் போட்டேன். ஒன்றில் இலையும் தூளும் தரும் பீடிக் கடையில் பெயர் பதிந்து, சுற்றுவதற்கு அட்டை வாங்கியவர்கள். மற்றதில் அதே தெருக்களில் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பவர்கள். எல்லோரையும் கருவியில் ஊதவைத்தேன். இரண்டு பட்டியலிலும் மூச்சு ஒரே அளவுக்குக் குறைந்திருந்தது. அதெப்படி? கருவியையே மாற்றிப் பார்த்தேன். ம்ஹூம்.

இரண்டாவது பட்டியலில் பேட்டைக்கார அக்கா ஒருவர் இருந்தார். வார்டில் நான்கு நாள் படுத்தால் இளைப்பு நின்றுவிடும். வீட்டுக்குப் போன வாரமே மறுபடி இளைத்துக்கொண்டு வந்து நிற்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "இன்ஹேலர் மருந்த ஒழுங்கா உறிஞ்சலன்னா இனி இங்க வராதீங்க" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

"உறிஞ்சுதேன் டாக்டரம்மா" என்றார். நான் நம்பவில்லை. அதன் பிறகு அவர் வரவே இல்லை.

ஒரு மாதம் கழித்து, மனது கேட்காமல் அவர் வீட்டைத் தேடிப் போனேன். அடுப்புப் புகையாக இருக்குமோ என்றும் ஒரு யோசனை. பார்த்தால் கேஸ் அடுப்பு. அக்கா மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். சன்னலைச் சாத்தி, காற்றாடியையும் நிறுத்தியிருந்தார், தூள் பறந்துவிடுமாம். பக்கத்தில் நான் கொடுத்த இன்ஹேலர், கடைசிவரை உறிஞ்சித் தீர்ந்து காலியாகக் கிடந்தது.

"வேலை இல்லன்னு சொன்னீங்களேக்கா?"

"நான் எங்க வேலைக்குப் போனேன்? அட்டை எங்க மதினி பேர்ல இருக்கு. சும்மா இருக்க நேரம் நானும் கூடச் சுத்துதேன். இந்தத் தெருவுல எல்லாரும் அப்படித்தான சுத்துதாவ!"

அடக் கடவுளே! வேலை உண்டா என்று கேட்டேனே தவிர, வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று ஒருத்தியிடமும் கேட்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. "அன்னைக்குக் கத்தினதுக்கு மன்னிச்சிருங்கக்கா" என்றேன். பையிலிருந்து அவருடைய படிவத்தை எடுத்து, வேலை என்ற இடத்தில் இருந்த 'இல்லை'யை அடிக்கப் போனேன்.

அதுவரை ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"அடிச்சிராதீங்க டாக்டரம்மா, அது அப்படியே இருக்கட்டும்" என்றார், மூச்சு வாங்க. "பீடின்னு எழுதினா நிறுத்தச் சொல்லுவீங்கள்லா?"