அந்தப் பெயரை மட்டும் விட்ட குரல்

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. அன்று நான் சாராயம் தொடவில்லை. காய்ச்சலும் இல்லை. நேரத்தைக்கூடப் பார்த்து வைத்திருக்கிறேன்.

என் பெயர் ஸ்ரனிஸ்லஸ். நெளுக்குளத்தில் தண்ணீர்ப் பம்பும் மோட்டார் சைக்கிளும் திருத்துகிறேன். பேய்க் கதை சொல்ல வருகிறவர்களை நக்கலடித்து அனுப்புகிற ஆள் நான்.

2023 நவம்பர் 6. என் தங்கை ஆன்சலாவின் புருஷன் றஜித் முல்லைத்தீவிலிருந்து தனியாகக் கடல் தொழிலுக்குப் போனான். கூடப் போகிறவனுக்கு அன்று சுகமில்லை. கடல் கொந்தளித்தது. போட் திரும்பவில்லை.

14ஆம் திகதி மாலை 5.50க்குத் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். விறாந்தையில் ஏழெட்டுப் பெண்கள், கையில் செபமாலையோடு. ஆன்சலாவின் முகத்தில் அழுகை இல்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

"அண்ணா, நாலு நாளா அவர் வாறார். ஆறு பத்துக்கு."

"எங்க வாறான்?"

வலை வைக்கிற அறையைக் காட்டினாள். வெளியே பூட்டுத் தொங்கியது.

நவம்பர் எங்களுக்கு மரித்தவர்களின் மாதம். உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கும் ஆத்துமா செபம் கேட்டு வரும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். றஜித் செத்துவிட்டான் என்றே எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

"இண்டைக்குச் செபம் முடிய, டிலுசாவைத் தனியக் கடற்கரைக்கு அனுப்பட்டாம். கடைசியா ஒருக்கால் பாக்கவாம்" என்றாள் ஆன்சலா.

அவர்களின் மகள் டிலுசாவுக்கு ஆறு வயது. வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, தயாராக நிறுத்தியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கெல்லாம் விசரே?"

பக்கத்து வீட்டுப் புனிதம் அக்கா அமைதியாகச் சொன்னார். "பேய் செபமாலை சொல்லுமே தம்பி? இது புதுமை, கடவுள் செய்யிற அற்புதம்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

6.10.

அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. றஜித்தின் குரல்தான். அவன் வீட்டில் முன் சொல்ல, மற்றவர்கள் பின் சொல்வார்கள். அதே இழுவை. அதே கரகரப்பு. "அருள் நிறைந்த மரியே..." எனக்கும் கண் கலங்கிவிட்டது. அவனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

பெண்கள் அழுதழுது பின்பாதியைச் சொன்னார்கள்.

முற்றத்தில் நாய் வேலியோடு ஒட்டிப் படுத்திருந்தது. காற்று இல்லை. ஆனால் மெழுகுதிரியின் சுடர் அந்தக் கதவுப் பக்கமாகவே சாய்ந்து நின்றது...

6.19. செபமாலையின் இரண்டாவது பத்து மணிகள். ஏதோ இடறியது. இஞ்சின் சத்தத்தில் ஒரு அடி விட்டுப்போனால் என் காது பிடித்துவிடும். இங்கேயும் ஒன்று விட்டுப்போனது.

"உம்முடைய திருவயிற்றின் கனியாகிய... ஆசீர்வதிக்கப்பட்டவரே."

செபமாலையின் அடுத்த மணி.

"...கனியாகிய... ஆசீர்வதிக்கப்பட்டவரே."

இயேசுவின் பெயர் இல்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் ஒரு சின்ன மௌனம். பெண்கள் அழுகையில் கவனிக்கவில்லை.

டிலுசாவை இழுத்து என்னோடு அணைத்துக்கொண்டேன்.

6.24. எழுந்து போய்க் கதவில் அடித்தேன்.

"றஜித், அந்தப் பேரைச் சொல்லு."

குரல் நின்றது.

சொட்... சொட்... தண்ணீர்ச் சத்தம்.

மறுபடி தொடங்கியது. வேகமாக. அதே இடத்தில் வெட்டியது.

தொண்டை கிழியக் கத்தினேன். "அந்தப் பேரைச் சொல்லு!"

மௌனம்.

பிறகு, கதவுக்கு உள்ளே... மெல்ல...

"மாமா, கதவைத் திறவுங்கோ."

டிலுசாவின் குரல்.

டிலுசா என் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் மூடியிருந்தது.

அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பூட்டைத் திறந்து பார்த்தோம். காய்ந்த வலைகள் மட்டும் கிடந்தன. அன்றிரவு எல்லோரும் கோயிலில்தான் படுத்தோம். டிலுசாவின் கையை நான் விடவில்லை.

23ஆம் திகதி காலை தொலைபேசி வந்தது. தெற்கே ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து.

றஜித் பேசினான்.

இஞ்சின் நின்று, ஒன்பது நாள் கடலில் இழுபட்டிருக்கிறான். 15ஆம் திகதி ஒரு பலநாள் மீன்பிடிப் படகு அவனைத் தூக்கியிருக்கிறது. அவர்களுடைய வயர்லெஸ் பழுது. கரைக்கு வந்துதான் சொல்ல முடிந்தது. அவன் சாகவே இல்லை. அப்படியென்றால் அந்த அறைக்குள் செபம் சொன்னது யார்?

வீட்டில் நடந்ததை நாங்கள் அவனுக்குச் சொல்லவில்லை. வீடு வந்த அன்று அவனாகத்தான் தொடங்கினான்.

"மச்சான், பொழுதுபடுற நேரம் தண்ணிக்குள்ள ஆன்சலா செபமாலை சொல்லிக் கேக்கும். கரை வந்திட்டுது, இறங்குங்கோ எண்டுவாள். பதினாலாம் திகதி நான் ஒரு காலை போட்டுக்கு வெளியில வைச்சிட்டன்."

"பிறகேன் இறங்கேல்லை?"

என்னையே பார்த்தான்.

"உங்கட குரல் கேட்டது. அந்தப் பேரைச் சொல்லு எண்டு ரெண்டு தரம் கத்தினீங்கள். அதோட தண்ணிக்குள்ள சத்தம் நிண்டிட்டுது."