நாற்பத்தொரு பேரைக் கேட்டேன்

என் சட்டைக்கு ஏழு பொத்தான்கள். முன்பு ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவேன். போன ஆடியில் ஆறு நிமிடம் ஆயிற்று. விரல் வலிக்கவில்லை, பொத்தானைப் பிடிக்க மறுத்தது, அவ்வளவுதான். அதே மாதத்தில் மூன்று முறை முழங்கால் மடங்கி விழுந்தேன். அறுபத்தேழு வயதுக்கு வேறென்ன இருக்கும் என்றாள் மனைவி.

கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையின் ஸ்டோரில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன் நான். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஒரு போல்ட்டைக்கூட உள்ளே வைத்ததில்லை. நோயையும் அப்படித்தான் பார்த்தேன்.

சென்னையில் பயாப்ஸி (தசையில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். முடிவு வர இருபத்திரண்டு நாள். அதற்குள் உறவினர் நாற்பத்தொரு பேருக்குப் போன் செய்தேன். நம் வழியில் கை, கால் மெலிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டேன். திருப்பாச்சூரில் இருக்கும் அத்தை மகன் முக்கால் மணி நேரம் பேசினார். ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

தசையழற்சியில் (தசை பழுதாகி மெலிவது) ஒரு வகை என்றார் டாக்டர். மருந்தால் நிற்காது, மெதுவாகத்தான் முற்றும், பயிற்சி செய்யுங்கள், விழாதீர்கள் என்றார்.

"யார்கிட்டேர்ந்து வந்தது டாக்டர்?"

"யார்கிட்டேர்ந்தும் இல்லைங்க ஐயா. இது பரம்பரையா வர்றதில்ல. உங்க பொண்ணுக்கும் போகாது."

"அப்போ எதனால?"

"அது எங்களுக்கே தெரியல."

ஆலைப் புகையா, தண்ணீரா என்று ஐந்து காரணம் கேட்டேன். ஐந்துக்கும் சொல்ல முடியாது என்றார்.

வீடு திரும்பினால் வேறு செய்தி. மகள் கலைவாணிக்கு நிச்சயம் செய்வதாக இருந்த ஆரணிக்காரர்கள் அவகாசம் கேட்டிருந்தார்கள். பெண் வீட்டில் பரம்பரை வியாதி என்று கேள்விப்பட்டார்களாம். எவன் கிளப்பிவிட்டது என்று கத்தினேன்.

"யாரும் கிளப்பல நைனா. நீதான் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக் கேட்டுக்கினு இருந்த. அப்படிக் கேட்டா இன்னா நெனைப்பாங்க?" என்றாள் கலைவாணி.

இந்த நோய் கண்டவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உறவை விசாரிக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

டாக்டரின் கடிதத்தை மகளே படமெடுத்து மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அனுப்பினாள். கலந்துக்கினு சொல்றோம் என்றார். பத்தொன்பது நாளாகிறது.

இது பரம்பரை இல்லை என்று சொல்ல, அதே நாற்பத்தொரு பேருக்கும் மறுபடி போன் செய்கிறேன். காலையில் இருவர், மாலையில் ஒருவர். அதுதான் இப்போது என் ஒரு நாள். எண்ணை அழுத்த என் கட்டைவிரலில் பலமில்லை. மகள் அழுத்திக் கொடுக்கிறாள். முக்கால் மணி பேசிய அத்தை மகன், யாரிடமிருந்தும் வரவில்லை என்றதும் ஒரே நிமிடத்தில் வைத்துவிட்டார். நம்பினாரா தெரியவில்லை. நான் நம்புகிறேனா, அதுவும் தெரியவில்லை.

கையை மடியில் வைத்துப் பார்க்கிறேன். அகன்ற நகம், பெருத்த முட்டி, எல்லாம் என் அப்பாவின் கை. எண்ணை அழுத்தும் மகளின் விரலும் அதே அச்சு. எங்கள் மூவருக்கும் ஒரே கை, அதில் இந்த நோய் மட்டும் எனக்கே எனக்காம்.

இன்னும் பதினேழு பேர் இருக்கிறார்கள்.